ஆறாவது பொம்பி

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் புவாகாம் பார்த்த வேலை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, என் மனைவியின் நூடுல்ஸ் கடையிலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது. அதை எங்கள் ஊர் சீபோனின் மலைப்புனத்தில், வெட்டிச் சாய்த்த மரஞ்செடிகளுக்கு நடுவே போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி, மாடு வந்தால் மாட்டையும் பிள்ளைகள் வந்தால் பிள்ளைகளையும் விரட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி ஆறு சிவப்புக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் ஒரு பொம்பி கிடந்தது.

பொம்பி என்றால் கொய்யாக்காய் அளவு இரும்பு உருண்டை. அமெரிக்க விமானம் போட்ட பெரிய குண்டு வானத்தில் வாய் பிளந்து இவற்றை நூற்றுக்கணக்கில் கொட்டும். எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை என்று ஒன்பது வருடம் லாவோஸ்மேல் கொட்டினார்கள். சண்டை என்னவோ பக்கத்து வீட்டு வியட்நாமோடு. குப்பை விழுந்தது எங்கள் முற்றத்தில். இங்கே குண்டு போடுகிறோம் என்று தங்கள் சொந்த ஜனங்களிடம்கூட அவர்கள் வாய் திறக்கவில்லை. விழுந்ததில் மூன்றில் ஒன்று வெடிக்காமல் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது, ஐம்பது வருடமாக யாருடைய காலுக்காகவோ காத்திருக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் உலகப் பாதுகாப்பு. யாருடைய உலகம் என்று கேட்டால் நமக்குத்தான் அரசியல் தெரியாது என்பார்கள்.

புவாகாம் பிறந்தபோது விமானங்கள் நின்று ஏழு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒன்பது வயதில், அம்மா புனத்துக் குடிசையில் சோறு அவிக்க அடுப்பு மூட்டினாள். அடுப்புக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அது இருந்தது. ஓடையில் தண்ணீர் எடுக்கப் போயிருந்த புவாகாம் குடத்தோடு திரும்பி வந்தாள். அதற்குமேல் அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அமெரிக்கா கொடுக்கும் பணத்தில் நடக்கும் குண்டு அகற்றும் குழுவில் அவள் சேர்ந்து பதினான்கு வருடம். அந்தக் குழுவின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் நான். பதினான்கு வருடத்தில் அவளை ஒருநாளும் ஆம்புலன்ஸில் ஏற்றவில்லை என்பதுதான் என் பெருமை. வேலையில் வாயைத் திறக்க மாட்டாள், வேலை முடிந்தால் மூட மாட்டாள். கனவில் வந்த எண்ணுக்கெல்லாம் லாட்டரிச் சீட்டு வாங்குவாள். ஒன்றும் விழுந்ததில்லை. “எனக்கு விழற அதிர்ஷ்டமெல்லாம் மண்ணுக்குள்ளயே விழுந்துடுச்சு அண்ணே” என்பாள்.

சீபோனுக்கு இருப்பது அந்த ஒரு புனம், நான்கு பிள்ளைகள். ஜனவரியில் காட்டை வெட்டிப் போட்டபோது ஒரு பொம்பி கண்ணில் பட்டது. எங்களைக் கூப்பிட்டான். ஆறு கண்டுபிடித்தோம். ஜனவரி கடைசி வியாழக்கிழமை வெடிக்க வைப்பதாக ஏற்பாடு. புதன்கிழமை காலை அலுவலகத்திலிருந்து வொங்சாய் என்ற மேற்பார்வையாளன் போன் செய்தான். புவாகாம் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அக்கா, எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. இப்பவே.”

“எதை நிறுத்தணும்? தேடறதையா, வெடிக்க வைக்கறதையா?”

“எல்லாத்தையும். தொண்ணூறு நாளைக்கு. வெளிநாட்டுக்குக் குடுக்கற உதவியெல்லாம் தங்களுக்கு லாபமான்னு அமெரிக்காக்காரங்க பாக்கறாங்களாம்.”

“குண்டையும் தொண்ணூறு நாளைக்கு நிறுத்தச் சொல்லியிருக்காங்களா? கேட்டுச் சொல்லு தம்பி.”

வொங்சாய் போனை வைத்துவிட்டான். அவன் மட்டும் என்ன செய்வான், அவனுக்கும் அன்றோடு சம்பளம் இல்லை. தேடும் கருவிகளைப் பெட்டியில் பூட்டினோம். வெடிமருந்துக் கிடங்கு யாரோ எங்கோ போடும் கையெழுத்துக்காகப் பூட்டியே கிடந்தது. ஒரு நாள் கழித்து அந்த உத்தரவு வந்திருந்தால் ஆறும் தீர்ந்திருக்கும். வாஷிங்டனில் ஒருவன் காலையில் சீக்கிரம் எழுந்துவிட்டான் போலிருக்கிறது.

சீபோன் புவாகாம் வீட்டு வாசலில் வந்து நின்றான். “அக்கா, மார்ச் கடைசில எரிச்சாத்தான் மழைக்கு விதைக்க முடியும். இப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“ஏப்ரல் கடைசில தொண்ணூறு நாள் முடியுது. அதுவரைக்கும் தீப்பெட்டியத் தொடாத. நான் காவல் இருக்கேன், ஒரு மாடு உள்ள வராது.”

அவன் நம்பினான். அதனால்தான் நாற்காலி. என் மனைவி, “கடைக்கு வர்றவங்க நின்னுக்கிட்டா சாப்பிடுவாங்க?” என்று என்னைத் திட்டித் தீர்த்தாள்.

ஏப்ரல் தொடக்கத்தில் எதிர்ச்சரிவுக்காரர்கள் தங்கள் புனத்தை எரித்தார்கள். வழக்கம்போல தீ தாண்டாதபடி ஓரம் சீவி, காற்று பார்த்துத்தான் வைத்தார்கள். மதியம் காற்று திரும்பிவிட்டது. நான் அவளுக்குப் பசைச்சோறும் மிளகாய்த் துவையலும் கொண்டுபோயிருந்தேன். ஒரு உருண்டை வாயில் வைப்பதற்குள் தீ ஓரத்தைத் தாண்டிப் பறந்துவந்து சீபோன் வெட்டிப்போட்ட காய்ந்த குவியலில் ஏறியது. சீபோன் பச்சைக் கிளையோடு அணைக்க ஓடிவந்தான். புவாகாம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைப் பள்ளத்தில் விழுந்தாள், நானும் விழுந்தேன். பிறகு ஒவ்வொன்றாக வெடித்தது. அவள் முகத்தை மண்ணில் புதைத்தபடி விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

தீ தணிய மாலையாயிற்று. அவள் இன்னும் அந்தக் கையை விரிக்கவில்லை.

“அஞ்சு,” என்றாள். “அண்ணே, அஞ்சுதான்.”

நானும் ஐந்துதான் எண்ணியிருந்தேன். சீபோன் எண்ணவேயில்லை, அழுதுகொண்டிருந்தான். மேலே ஏறிப் பார்த்தால் புனம் முழுக்க ஒரே கறுப்பு. குச்சிகள் சாம்பல். நாற்காலி உருகி மண்ணோடு மண்ணாக ஒரு சிவப்பு அடை. பக்கத்தில் வெடித்தவை அந்த ஆறாவதை எந்தப் பக்கம் தூக்கி எறிந்தனவோ தெரியாது. இரண்டு மாதம் அவள் மாட்டுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டாமல் காத்தது, இப்போது அவளுக்கே தெரியாத இடத்தில் கிடந்தது.

மறுவாரம் வொங்சாய் ஒரு தாளோடு வந்தான். அமெரிக்காவிலிருந்து வந்த கேள்விகளாம், லாவோ மொழியில் பெயர்த்திருந்தார்கள். குழுவில் இருந்தவர்கள் பதில் எழுதினால் மறுபடி வேலை கிடைக்கலாமாம். எழுத்துக் கூட்டி நான் வாசித்தேன், புவாகாம் பதில் சொன்னாள்.

“அமெரிக்காவை வெறுக்கும் அமைப்புகளோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?”

“சீபோன் வீட்டு எருமை. மொறைச்சுக்கிட்டே திரியுது.”

“உங்கள் பணி அமெரிக்காவை எவ்விதத்தில் மேலும் பாதுகாப்பானதாக்குகிறது? நூறு சொற்களுக்குள் எழுதவும்.”

இதற்கு அவள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.  வீட்டுக்குள் பாம்பை விட்டுவிட்டுப் போனவன், அதைப் பிடிக்கிறவளிடம் வந்து தனக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கிறான். வெட்கம் என்று ஒன்று அந்தத் தேசத்தில் விற்பனைக்காவது இருக்காதா?

தொண்ணூறு நாள் முடிந்தது. எங்கள் மாவட்டம் இன்னும் பரிசீலனையில் என்றார்கள். புவாகாம் காத்திருக்கவில்லை. ஒரு இரும்புக் கம்பி, ஒரு சமையல் கத்தி, அவ்வளவுதான். முழங்காலில் ஊர்ந்து, கம்பியைச் சாய்வாக விட்டு, விரல்விரலாக மண்ணைத் தொட்டுக்கொண்டு போனாள். இருபத்து மூன்று நாள். முடித்த இடத்தைக் கயிறு கட்டிக் காட்டினாள். நான் வண்டியில்லாத ஆம்புலன்ஸ்காரனாக, ஒரு துணிப்பையில் கட்டுத்துணி வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மழை முந்திக்கொண்டது. விதைப்பு நாளில் ஊரே வந்தது. ஆண்கள் கூர்க்கழிகளால் மண்ணைக் குத்திக் குழிபோட்டு முன்னே போக, பெண்கள் பின்னால் நெல்லைப் போட்டுக்கொண்டு வருவதுதான் எங்கள் வழக்கம். முப்பது கழிகள் ஒரே வரிசையில் மண்ணில் இறங்குவதைப் பார்க்க அன்றைக்கு எனக்கு நெஞ்சு தாங்கவில்லை. கயிறு வரை வந்து எல்லாரும் நின்றார்கள். கயிற்றுக்கு அப்பால் அவள் முடிக்காத மேல்மூலை. புனத்திலேயே நல்ல மண் அதுதான்.

சீபோன் கழியோடு கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினான். புவாகாம் கழியைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுக்கா. அந்த மூலைல வெளையறதுதான் எங்க நாலு மாசச் சோறு. பட்டினி கிடந்து சாகறதுக்கு குத்தியே பாத்துடறேன்.”

“எங்கம்மாவும் சோத்துக்குத்தாண்டா அடுப்பு மூட்டினா.”

அவன் கழியை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி விதைக்கூடையைத் தலையிலிருந்து இறக்கவேயில்லை.  அப்போதுதான் என் மனைவி கடையிலிருந்து இன்னொரு சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தாள். கயிற்றின் ஓரத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதைப் போட்டாள்.

புவாகாம் அதில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த தாளை விரித்து, வொங்சாயிடம் பேனா கேட்டாள். விதைக்க உதவ வந்திருந்த அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கடைசிக் கேள்விக்குக் கீழே எழுதினாள்:

“உங்கள் பொருள் ஆறு எங்கள் ஊரில் கிடைத்தன. ஐந்து வெடித்துவிட்டன. ஒன்று பாக்கி. அதை அமெரிக்காவுக்கு வராமல் நாங்கள் இங்கேயே வைத்திருக்கிறோம். அந்த விதத்தில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். திரும்ப வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளம், சிவப்பு நாற்காலி.”

வொங்சாய் படித்துவிட்டு, “இதை எப்படிக்கா அனுப்பறது?” என்றான்.

“நூறு சொல்லுக்குள்ளதான இருக்கு? அனுப்பு.”

அனுப்பினான். அறுவடையும் முடிந்துவிட்டது. சீபோன் வீட்டில் நெல் ஜூன் மாதத்தோடு தீர்ந்துவிடும். மேல்மூலையில் புல் நாற்காலியின் கைப்பிடி உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது, உள்ளே போய் அறுக்க யாராலும் முடியாது.