நலம் விசாரிக்கும் அறை

முதல் செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தோற்றிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பத்தாவதில் கணக்கில் பள்ளிக்கே முதல். நோட்டீஸ் போர்டில் என் எண்ணுக்கு எதிரே 'கவுன்சலிங்' என்று இருந்ததைப் பார்த்ததும், தோழிகள் கண்ணில் படாமல் அந்த அறைக்குப் போனேன்.

அங்கிருந்த மேடம் முதலில் கன்னடத்தில் கேட்டது, "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாயா என்று அந்தக் கல்லூரியில் அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை; எனக்குச் சந்தேகம் வந்தது. நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. தூக்கம் வருகிறதா, தலைவலி உண்டா, தனியாக அழுகிறாயா என்று கேட்டுக்கொண்டே போனார். நன்றாக இருக்கிறேன் என்றே எல்லாவற்றுக்கும் பொய் சொன்னேன். கடைசியில் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் மாலையில் தனி வகுப்பு, வாரம் ஒருமுறை அவரோடு பேச்சு. நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு விஷயத்தைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"சேர் போட்டு உக்கார வெச்சாங்களா?"

"ஆமாப்பா."

"டீ குடுத்தாங்களா?"

"தண்ணி."

"அதேதான். எங்க வெல்ஃபேர் ஆபீசரும் இப்படித்தான் கூப்புட்டு, வீட்ல எல்லாம் சௌக்கியமான்னு கேப்பான். ஒரு கையெழுத்து வாங்குவான். மறுநாள் கம்பெனி கேட்டாண்ட அந்த ஆளோட பஞ்ச் கார்டு இருக்காது. தானா வேலைய உட்டுட்டான்னு எழுதிக்குவாங்க."

"படிச்சவங்க அப்படிச் செய்வாங்களா?" என்றாள் அம்மா.

"படிச்சவங்க இங்கிலீஷ்ல செய்வாங்க."

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தாளை மூன்று முறை வாசித்து அர்த்தம் சொன்னேன். "கிளாஸ் எடுக்கறதுன்னா எடுக்க வேண்டியதுதான, கையெழுத்து எதுக்கு?" என்றார் அப்பா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் தனி வகுப்பு இல்லாமல் அடுத்த பரீட்சையில் தேற மாட்டேன் என்பது தெரிந்திருந்தது.

மறுநாள் மேடத்தின் முன்னால் உட்கார்ந்து, கையெழுத்துக்கான கோட்டுக்கு மேலே ஆங்கிலத்தில் எழுதினேன்: 'நான் கல்லூரியை விட்டு விலகவில்லை.' பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அவர் வாசித்தார். சிரித்திருந்தால் எழுந்து போயிருப்பேன். பேனாவை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு காப்பி வேணும் மேடம்."

ஜெராக்ஸ் எடுக்க அவரே எழுந்தார். தாள் கண்ணை விட்டு மறையக் கூடாதென்று நானும் பின்னாலேயே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்:

"அந்த கிளாஸ்ல தமிழ்ல டவுட் கேக்கலாமா மேடம்?"