உழைக்கிற ரயர்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ரயரைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்கள். உழைக்குமோ? மழையில் வழுக்குமா, பிரேக் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. நெல் ஏற்றுகிற லொறிக்காரருக்கும் வாடகை வான் ஓடுகிறவருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் ரயர் கனகாலம் உழைக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் அதற்கே பதில் சொல்லிப் பழகியவன். பெருவிரலால் அழுத்திப் பார்ப்பேன். இறுக்கமாக இருந்தால், ஓம், நல்லாய் உழைக்கும் என்பேன். ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீடு போய்ச் சேர்ந்திருப்பாரோ என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். இது எனக்கு ஒரு வருத்தம். மருந்து கேட்டுப் போக முடியாத வருத்தம்.

கடை கிளிநொச்சியில், கண்டி வீதியில் இருக்கிறது. என்னோடு பங்குக்கு நிற்பது மனைவியின் தம்பி. அவன் கதைகாரன், வாய் ஓயாது. நான் ஒரு சக்கரத்தின் நட்டை மூன்றாம் தரம் இறுக்குவதைக் கண்டால், "அத்தான், நீங்கள் ரயர் விக்கிறியளோ, ஆயுள் காப்புறுதி விக்கிறியளோ?" என்று கேட்டு வந்தவர்களைச் சிரிக்க வைப்பான். நானும் சிரித்துக்கொண்டே நாலாம் தரமும் இறுக்குவேன்.

போன மாரி மழைக்குச் சில நாள் முன்னம், பகல் பத்து மணியிருக்கும், ஒரு சின்னக் கார் வந்து நின்றது. கதிரையில் இருந்த எனக்கு அதன் கூரை தோளளவுதான் வந்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை சீலைத் துணி, மடித்து விடலாம். இறங்கியவர் பல் டொக்டர். முந்தின வருடம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். ஊசி போடமுதலே நான் அவரது கையைப் பிடித்து நிறுத்தியதால் என்னை அவர் மறக்கவில்லை.

கொழும்பில் ஒரு வயதான மனிதர் ஓடாமல் கராஜுக்குள்ளேயே மூடி வைத்திருந்த கார் அது. டொக்டர் வாங்கி ஒரு மாதம். பெற்றோர் முல்லைத்தீவில். ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிய அங்கே போய் ஞாயிறு திரும்புவார். காற்று அடிக்கத்தான் வந்திருந்தார். ரயர்கள் புதிது போலவே இருந்தன. நிலத்தில் படுகிற பக்கத்து வெட்டு எல்லாம் தேயாமல் முழுசாய்க் கிடந்தது, ரப்பர் மினுங்கியது. நான் குந்தியிருந்து வால்வின் மூடியைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்தேன்.

ரயரின் பக்கத்தில் சின்னதாய் ஒரு வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது; மற்ற இரண்டும் வருடம். அது செய்யப்பட்ட காலம். இதில் இருந்தது இருபது, பிறகு சைபர் ஒன்பது. மற்ற மூன்றையும் பார்த்தேன். நாலிலும் அதேதான்.

இரண்டாயிரத்து ஒன்பதின் இருபதாவது கிழமையில், யுத்தத்தின் கடைசி நாட்களில், நாங்கள் எங்கே இருந்தோம் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வரவில்லை. அதே கிழமை வேறொரு நாட்டில் ஒருவர் காலையில் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அச்சில் அந்த இலக்கத்தைப் பூட்டியிருக்கிறார். நாலு ரயர் வந்திருக்கிறது. அது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு டொக்டரும் குனிந்தார். இலக்கத்தை எப்படி வாசிப்பது என்று நான் சொன்னேன். அவர் விரலால் அந்த வட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "கழட்டுங்கோ அண்ணை" என்றார்.

அவ்வளவு பழைய ரப்பர் செத்த ரப்பர். ஆகவே மாற்றத்தான் வேண்டும், கிழமை எதுவாக இருந்தாலும். அதையும் சொன்னேன். ஆனால் எதைப் பூட்டுவது என்பதில் மூன்று பேரும் மூன்று பக்கம் நின்றோம். டொக்டருக்கு ஓட்டப்போட்டியில் பூட்டுகிற வகை மேல் ஆசை. அது கையால் தொட்டாலே ஒட்டும், ஆனால் வெட்டு மிகக் குறைவு, மாரித் தண்ணீர் வெளியேற வழியில்லை. மச்சானுக்கு அகலமானது வேண்டும். அகலமாய் இருந்தால் வடிவு, நிலத்தைப் பிடிக்கும் என்றான். பாரம் கூடிய வாகனத்துக்குச் சரி. இந்தக் காரை நாலு பேர் சேர்ந்தால் தூக்கி மதகு தாண்டி வைத்துவிடலாம். இவ்வளவு லேசான உடம்புக்கு அகல ரயர் போட்டால் வெள்ளத்தின் மேல் வள்ளம் மாதிரி மிதக்கும். நான் சொன்னது மூன்றாவது: தேய்மான இலக்கம் ஐந்நூறு என்று போட்ட, கல்லுப் போல இறுகிய ரயர். அந்த இலக்கம் கூடக்கூட ரயர் மெதுவாய்த் தேயும். கூடின இலக்கம் நல்ல ரயர். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது விளங்க இலேசான கணக்கு.

கொழும்பில் ரயர் இறக்குகிற கடைக்காரருக்கு போன் எடுத்தேன். காரின் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். லேசான கார் ரயரை நிலத்தோடு அழுத்தாது, அதனால் அந்த இறுகிய ரப்பர் சூடேறாது, இளகாது, ஈரத் தாரில் வெறும் கல்லாய்க் கிடக்கும் என்று விளங்கப்படுத்தினார். ரோட்டில் ஓடுகிற இளகின ரப்பரில், நல்ல ஆழமான வெட்டோடு ஒன்று இருக்கிறது, இலக்கம் இருநூறு, பழைய அகலத்திலேயே எடுங்கள் என்றார். சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்றேன். தேயட்டும் என்றார், தேய்வதால்தான் அது பிடிக்கிறது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் கடைக்குப் பின்னால் போய் இருந்துவிட்டேன். இதை ஒருவர் பதினெட்டு வயதில் எனக்குச் சொல்லியிருந்தால்.

யுத்தத்தில் வன்னிக்குள் வருகிற பாதை பூட்டின காலம் அது. ஒரு ரயரும் உள்ளே வராது. அப்போதும் நான் ஒரு ரயர்க் கடையில்தான் வேலை செய்தேன். அண்ணன் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, விடியற்காலையில் பேக்கரியில் பாண் எடுத்துக் கடைகளுக்குப் போடுவார். பின் ரயர் மொட்டையாகிவிட்டது. எங்கள் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று யாரோ கழற்றி விட்டது, பாதி தேய்ந்தது, ரப்பர் இளக்கம். மற்றது கூரை வளையில் எத்தனையோ வருடமாய்த் தொங்கியது, ஒருநாளும் ஓடாதது, வெட்டு முழுசு. எது கனகாலம் உழைக்குமோ அதைப் பூட்டு என்று அண்ணன் சொன்னார். அந்த நல்லதை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நான் முதலே ஒளித்து வைத்திருந்தேன். அண்ணனுக்காக.

அதைப் பூட்டி எட்டாம் நாள் காலை, மழைக்குள், விசுவமடுவுக்கு இந்தப் பக்கம் ஒரு மதகடி வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. உடம்பில் கீறல் இல்லை. தலைதான். நனைந்த பாணைக்கூட யாரோ பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதை நான் குறையாய்ச் சொல்லவில்லை, அப்போது பாணுக்குத் தட்டுப்பாடு அப்படி. பின்னர் அகதி முகாமில் படிவம் நிரப்பிய ஒவ்வொரு முறையும், மூத்த மகன் எப்படிச் செத்தார் என்று கேட்டால் அம்மா ஷெல் என்றுதான் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் போனார்கள் என்பதால் ஒருவரும் மேலே கேட்கவில்லை. நானும் திருத்தவில்லை.

இளகின ரயர் நாலும் ஐந்தாம் நாள் பஸ்ஸில் வந்தன. பூட்டினேன். காற்று நாங்கள் வழக்கமாய் அடிப்பது முப்பத்தைந்து. கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில் இருபத்தாறு என்று இருந்தது. இரண்டு தரம் அளந்து பார்த்து இருபத்தாறில் நிறுத்தினேன். மச்சான் எட்டிப் பார்த்து, காருக்குப் பசிக்குது போல என்றான்.

அன்று வெள்ளி. மழை தொடங்கியிருந்தது. முல்லைத்தீவுக்குப் போக முதல் ஒருக்கால் ஓடிப் பார்க்க வேண்டும், நானும் வாறன் என்று டொக்டரிடம் சொன்னேன். பரந்தனில் திரும்பி, வழமைக்கு மேல் தூரம் போகச் சொன்னேன். அவர் ஓட்டினார். அந்த மதகு வந்தபோது, இதிலே பிரேக் போடுங்கோ என்றேன். போட்டார். கார் நேராய் நின்றது. திருப்பிக்கொண்டு வந்து இன்னொருமுறை போடச் சொன்னேன். நின்றது.

"அண்ணை, இந்த இடத்தில என்ன?" என்று கேட்டார்.

சொன்னேன். மனைவிக்குச் சொல்லாததை, அம்மாவுக்குச் சொல்லாததை, சீலைக் கூரையில் மழை அடிக்கிற அந்தச் சின்னக் காருக்குள் இருந்து சொன்னேன். ரயரை நான் தெரிந்தெடுத்தேன் என்று சொன்னேன்.

டொக்டர் பல்லைப் பார்க்கிறவர், எங்கே நோகும் என்று கேட்டுப் பழகியவர். "அந்த ரயர் பிறகு எங்க?" என்றார்.

அதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ரயருக்கு ஒரு சேதமும் வரவில்லை. பாதை பூட்டின காலத்தில் வெட்டு முழுசாய் இருக்கிற ரயரை யார் எறிவார்? செத்தவீடு முடிந்து ஒரு கிழமையில் முல்லைத்தீவுக் கரைப் பக்கமிருந்து ஒரு மீன்காரர் வந்து ரயர் கேட்டு மன்றாடினார்.

"நான்தான் டொக்டர், அந்த மீன்காரற்ற மோட்டார் சைக்கிளுக்குப் பூட்டி விட்டனான். நல்லா உழைக்கும் எண்டும் சொன்னனான்."

வழுக்கினது ரயராலே என்று அப்போது எனக்குத் தெரியாது என்று எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. பூட்டும்போது பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் ஒரு சிறிதும் பதியவில்லை. அது ஏதோ சரியில்லை என்று அப்போதே எனக்குத் தட்டியது. ஆனால் கடையில் வேறு ரயர் இருக்கவில்லை. அந்தப் பாதி தேய்ந்ததும் போய்விட்டிருந்தது. அந்த மனிதரை நான் பிறகு காணவில்லை. பிறகு ஒருவரும் ஒருவரையும் காணாத காலம் வந்துவிட்டது.

டொக்டர் காரைத் திருப்பி என்னைக் கடையில் இறக்கினார். அந்தப் பழைய நாலையும் இன்றைக்கே வெட்டிப்போடுங்கோ என்றார். நானும் அதற்குத்தான் அவசரமாய் இறங்கினேன். சுவரோடு மூன்று சாய்ந்திருந்தன.

மச்சானைக் கேட்டேன். முல்லைத்தீவுப் பக்கம் போகிற ஒரு ஐயா, பழைய வெள்ளைக் கார், ஸ்பெயர் ரயர் இல்லையாம், பாவமாய் இருந்தது, சும்மா கொடுத்தேன் என்றான். சைஸ் சரியாய்ப் பொருந்தியதாம்.

"பேர் கேட்டியோ?"

"ரயர் குடுக்கிறதுக்குப் பேர் கேக்கிறதோ அத்தான்? வெட்டு முழுக்கக் கிடந்தது. ஆள் கும்பிட்டிட்டெல்லோ போகுது."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ரயர்கள் ஏன் கழற்றப்பட்டன என்று நான் அவனுக்குச் சொல்லவே இல்லை. இலக்கத்தைப் பற்றிச் சொன்னால் பகிடி விடுவான் என்று பயந்தேன். என் பயங்களில் இது ஒன்றாவது வாயைத் திறக்க விட்டிருக்கலாம். மூன்றையும் அவன் கண்முன்னாலேயே இரும்பு அரிகிற வாளால் அறுத்தேன். ரப்பர் பொடியாய்க் கொட்டியது. விசரோ உங்களுக்கு என்று தொடங்கியவன், அந்தப் பொடியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டி அள்ளினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவு வீதியில் இருட்டும்வரை போனேன். வன்னியில் ஓடுகிற காரில் பாதி வெள்ளைதான்.

டொக்டர் மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்க வருகிறார். ரயர் வேகமாய்த்தான் தேய்கிறது. அவரும் முல்லைத்தீவில் பழைய வெள்ளைக் கார் கண்டால் குனிந்து பார்ப்பதாகச் சொன்னார். நான் சந்தையடியில் பார்க்கிறேன், கச்சேரி அலுவலகத்தடியில் பார்க்கிறேன், கலியாண மண்டப வாசலில் பார்க்கிறேன். ஸ்பெயர் ரயர் காரின் டிக்கிக்குள் கிடக்கும், வெளியில் தெரியாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் ஒருநாள் அதை எடுத்துப் பூட்டத்தானே வேண்டும், அந்த நாள் மழை நாளாகவும் இருக்கலாம்.

போன கிழமை கோயில் வீதியில் ஒரு வெள்ளைக் காரின் பின் சக்கரத்தடியில் நான் குந்தியிருக்க, சொந்தக்காரர் வந்துவிட்டார். கையில் அர்ச்சனைத் தட்டு. பக்கத்தில் மனைவி, இரண்டு பிள்ளைகள்.

"என்ன தம்பி பாக்கிறியள்?"

"காத்துக் குறைஞ்ச மாதிரிக் கிடந்தது ஐயா" என்றேன். பிறகு, திருடன் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று, "ஒருக்கால் டிக்கியைத் திறந்து காட்டுறியளோ?" என்று கேட்டேன்.