சரோஜா அக்காவின் சீட்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், மஞ்சுளா அக்காவின் சாப்பாட்டுப் பை அவர் மடியில் இருப்பதைக் கவனித்தேன். தினமும் அதைப் பக்கத்து சீட்டில் வைத்து, சூளகிரியில் ஏறும் சரோஜா அக்காவுக்கு இடம் பிடிப்பார்.

"எங்க கட்சிக்கு எதிரா ஸ்டேட்டஸ் வெச்சவளுக்கு நான் எதுக்கு எடம் புடிக்கணும்? ஓசூர் வரைக்கும் நிக்கட்டும். நீ உக்காரு பாப்பா" என்றார்.

காலியாக இருந்தது அந்த ஒரு சீட்தான்.

"அது சரோஜாக்கா எடம்" என்றேன்.

"ஓ, நீயும் அந்தக் கட்சியா?" என்று பின்னாலிருந்து சிரித்தார்கள்.

எனக்கு இன்னும் வோட்டர் கார்டே வரவில்லை. நான் எந்தக் கட்சி என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

என் பையை அந்த சீட்டில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.