பெயர் மறைத்துப் போட்ட படம்

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மூன்று ஊர் ஸ்கேன் டாக்டர்களுக்கும் சேர்த்து ஒரு சங்கம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஓர் ஓட்டல் ஹாலில் கூடுவோம். மற்ற நாட்களில் ஒருவர் சென்டரை இன்னொருவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டோம், அவ்வளவு போட்டி. அங்கே மட்டும் தெரியாததைத் தெரியாது என்று வெட்கமில்லாமல் சொல்லலாம்.

நோயாளியின் பெயரை மறைத்துவிட்டுப் படத்தைத் திரையில் போடுவார்கள். வயது, ஆணா பெண்ணா, என்ன தொந்தரவு, அவ்வளவுதான் சொல்வார்கள். என்ன நோய் என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் முந்திரிக்கொட்டை, யாரையும் பேச விடமாட்டேன்.

செயலாளர் என்னோடு படித்தவன். போன வருடம் ஒரு கூட்டத்தில் அவனே ஒரு நெஞ்சு சி.டி. படம் போட்டான்.

"அம்பத்தி மூணு வயசு, ஆண். ரெண்டு மாசமா இருமல்."

பின்வரிசையில் ஓர் இளம் பெண் டாக்டர் தயங்கித் தயங்கி, "டி.பி.யா இருக்கலாமா சார்?" என்றார்.

"இது டி.பி.ன்னா நான் மீசைய எடுத்துடறேன். கேன்சர்மா. லிவருக்கும் போயிடுச்சி. ஆறு மாசம் தாண்டாது" என்றேன்.

ஹாலே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாருனா வேற எதுனா சொல்றீங்களா?" என்று கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டான்.

"வடை ஆறுதுப்பா, அடுத்த படத்தப் போடு" என்றேன் நான்.

கூட்டம் முடிந்து வண்டி எடுக்கும்போது, அந்த இருமல்காரர் யார் என்று அவனிடம் சும்மாதான் விசாரித்தேன்.

"நான்தான்டா" என்றான்.

வண்டியை மறுபடி ஸ்டாண்டு போட்டுவிட்டு, எங்கிட்ட ஏன் தனியா காட்டல என்று கேட்டேன்.

"தனியா காட்டுனா மனசு கஷ்டப்படுமேன்னு பொய் சொல்லுவ. இங்க யாரும் பொய் சொல்றதில்ல." சாவியைத் தேடிக்கொண்டே சொன்னான். "எனக்கும் தெரிஞ்சதுதான். பயாப்ஸி ரிசல்ட் புதன்கிழமை வருது. அந்தப் பொண்ணு டி.பி.ன்னு சொன்னப்போ, இன்னும் ரெண்டு பேர் கூடச் சேந்து சொல்லுவாங்கன்னு பாத்தேன்."

ஐந்து மாதத்தில் போய்விட்டான். நான் சொன்னதில் தப்பில்லை என்று எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள். தப்பில்லைதான். ஆனால் அந்தப் பெண்ணைப் பேச விட்டிருந்தால், புதன்கிழமை வரை மூன்று நாள் அவன் நம்பிக்கொண்டிருந்திருப்பான். அந்த மூன்று நாளை நான் சிரித்துக்கொண்டே பிடுங்கிவிட்டேன்.