வெந்நீரில் போட்ட பீடிங்

நான் செய்த வீடியோ கேம் பெட்டி எங்கள் ஹாலில் நிற்கலாமா கூடாதா என்பது ஒரு சேலைக் கிழிசலில் வந்து நின்றது. பிளைவுட்டை அறுத்து, பழைய டிவியை உள்ளே பொருத்தி, பட்டனும் கைப்பிடியும் வைத்து ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தேன். ஓரங்கள் மட்டும் அறுத்தது அறுத்தபடியே இருந்தன. அதில் என் மனைவியின் புதுச்சேலை மாட்டிக் கிழிந்தது.

"ஞாயித்துக்கெழம அக்கா வீட்டுல வாராங்க. அதுக்குள்ள ஓரத்தச் சரி பண்ணுங்க. இல்லாட்டி பெட்டி ஷெட்டுக்குப் போயிரும்."

எங்கள் ஊர் கொடைக்கானல்; ஷெட்டில் மேகம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அங்கே போனால் ஒரே மாதத்தில் பிளைவுட் உப்பிவிடும். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்தேன். சும்மா விடுவேனா?

ஓரத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் பீடிங் வரவழைத்து வைத்திருந்தேன். அதன் முதுகில் நீளமாக ஒரு பல் இருக்கும். பலகை ஓரத்தில் நீளக் கோடாகக் குடைந்த காடிக்குள் அந்தப் பல்லை இறக்கி ரப்பர் சுத்தியலால் தட்டினால் பீடிங் ஓரத்தை மூடிக்கொள்ளும். இது கீழே மதுரையில். கொடைக்கானல் குளிரில் அது மூங்கில் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் துள்ளி வெளியே வந்தது.

விடுதிகளில் கீசர் பழுது பார்ப்பது என் தொழில். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் வெந்நீர்தான் மருந்து. தேங்காயெண்ணெய் உறைந்தாலும் வெந்நீர், விருந்தாளி கோபித்தாலும் வெந்நீர். சனிக்கிழமை சாயங்காலம் பீடிங்கையும் ஒரு வாளி வெந்நீரில் போட்டேன். இடியாப்பமாகக் குழைந்தது! குனியச் சோம்பல்பட்டு, இடுப்பு உயரத்தில், பட்டன் பலகைக்குக் கீழே ஆரம்பித்தேன். நன்றாக இழுத்து இழுத்துத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். இரண்டு பக்கமும் முடித்தபோது நாலு நாலு விரல் மிச்சம். பெருமையாக வெட்டி அடுப்பில் எறிந்தேன். பிளாஸ்டிக் நாற்றத்துக்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

ஞாயிறு வெள்ளனே எழுந்து பார்த்தேன். ராத்திரிக் குளிரில் பீடிங் சுருங்கி, சரியாகச் சேலை மாட்டும் உயரத்தில், இரண்டு பக்கமும் நாலு விரலுக்குப் பலகை பல்லைக் காட்டியது. அக்கா வீட்டார் வரும் வத்தலக்குண்டு பஸ் பதினோரு மணிக்கு வந்துவிடும். அழாத குறையாக உட்கார்ந்துவிட்டேன்.

தேநீரோடு வந்த மனைவி குனிந்து பார்த்தாள். அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள், சேலையின் அடியோரத்தில் ஃபால்ஸ் துணி வைத்து அடிப்பவள்.

"இழுத்துப் பிடிச்சு அடிச்சீங்களா?"

"ஆமா."

"ஃபால்ஸ இழுத்துத் தச்சா சேலை சுருங்கிக்கும். தளரத்தான் விடணும். இது தெரியாம என்ன சோலி பாக்குறீங்க? அந்த வாளிய எடுங்க, வெரசா."

இரண்டு பக்கத்தையும் பிய்த்தோம். மறுபடி வெந்நீர். இந்தத் தடவை முன்பக்கம் தரையோரத்தில் ஆரம்பித்தோம். அவள் பீடிங்கைத் துடைத்து, இழுக்காமல், விரலால் காடிக்குள் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள். வளைவு வரும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாக விட்டாள். நான் பின்னாலேயே தட்டிக்கொண்டு போனேன். என் கை ஆசைப்பட்டு இழுத்த போதெல்லாம் புறங்கையில் ஒரு அடி விழுந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. குறைந்த நாலு விரலும் பெட்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அவள் முந்தானையை எடுத்து ஓரம் முழுக்க ஒருமுறை தேய்த்துப் பார்த்தாள். எங்கும் மாட்டவில்லை. பெட்டியின் ஸ்விட்சைப் போட்டாள்.

அக்கா வந்து, பையைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகக் கேட்டார்: "ஏண்டி, ஹால்ல எதுக்கு இத்தா பெரிய பெட்டி? பின்னால ஷெட்டு சும்மாதான கெடக்கு?"

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கை கைப்பிடியில், மறு கை பட்டனில்.

"ஷெட்டு ஈரம்க்கா. செத்த தள்ளி நில்லு, எனக்குக் கடைசி லைஃப் ஓடுது."