அம்பதுக்கு மேல போகாத பட்டா

மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டி மறுகரை ஊர்களுக்கு மீன் கொண்டுபோய் விற்பது என் தொழில். அதற்கு என்னிடம் ஒரு பட்டா இருக்கிறது. பட்டா என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன லொறி. முன்னால் இரண்டு பேர் இருக்கலாம்; பின்னால் மீன்பெட்டிகளை அடுக்கலாம். கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவருகிற மீனையும் பக்கத்துப் படகுகளின் மீனையும் ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு காலையில் புறப்படுவேன். மாந்தைச் சந்தி, பாப்பாமோட்டை, சில நாட்களில் நானாட்டான் பக்கம் என்று சுற்றிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்பேன்.

நான் ஐம்பதுக்கு மேல் ஓடுவதில்லை. ஊருக்கு வெளியே லொறிக்கு அறுபது மட்டும் சட்டம் விடுகிறது. அந்த மிச்சப் பத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஏன் என்று கேட்கிறவர்கள், ஏதாவது பெரிய விபத்துக் கதை வரும் என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள். என்னிடம் அப்படி ஒரு கதையும் இல்லை. வேகமாகப் போனால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிபடும், பாரை மீன் நசிந்துபோகும். பிறகு எங்கள் கழுதைகள். மன்னார்க் கழுதை ஒன்று நடு றோட்டில் நின்று யோசிக்கத் தொடங்கினால், அதன் யோசனை முடியுமட்டும் நாங்கள்தான் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எனக்கு வாகனம் ஓடப் பிடிக்கும். பிடித்த காரியத்தை ஏன் அவசரமாக முடிக்க வேண்டும்?

இதனால் எனக்கு ‘அம்பதக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதை முதலில் வைத்தவர் ஒரு டிப்பர் சாரதி. கிரவல் மண் ஏற்றுகிற டிப்பர். ஆள் நல்ல உடம்பு, தலையில் எப்போதும் ஒரு துவாய். காலையில் எப்படியும் ஒரு தரம் எனக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொள்வார். ஹோர்னை அழுத்தி அழுத்தி, எதிரே றோட்டு வெறுமையானதும் தூசியைக் கிளப்பிக்கொண்டு முந்துவார். முந்தும்போது யன்னலால் தலையை நீட்டி, “அக்கா, பட்டாவுக்குக் கால் நோவோ?” என்று கேட்பார். நான் கையைக் காட்டுவேன். அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அன்று பாப்பாமோட்டையில் ஒரு கடை வாசலில் பட்டாவை நிறுத்தி வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். நல்ல மீன் நாள். சூடை, விளை, ஒரு பெரிய கட்டா. பெண்கள் சட்டிகளோடு சுற்றி நின்றார்கள். அப்போது ஒரு ஆள் வயல் பக்கமிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். எனக்குத் தெரிந்தவர்தான். மலைநாட்டிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள். அவருடைய மனைவி என்னிடம் கிழமையில் இரண்டு தரம் சூடை வாங்குவாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, “சின்னதா பாத்துப் போடுங்கக்கா” என்று சிரிப்பாள். தலைப்பிள்ளை. நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது.

“அக்கா, வலி வந்திருச்சு,” என்றார். மூச்சு வாங்கியது. “ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிட்டோம். அது வேற ஆளை ஏத்திக்கிட்டு வவுனியாப் பக்கம் போயிருக்காம். ஆட்டோக்காரர் ஊர்ல இல்ல. நீங்கதான்...”

நான் சட்டிகளை நீட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தேன். அவர்கள் நான் சொல்லுமட்டும் நிற்கவில்லை. ஒருத்தி பின்கதவை இறக்கினாள். இன்னொருத்தி பெட்டியைத் தூக்கினாள். மீனும் ஐஸும் கடைத் தாழ்வாரத்துக்குப் போயிற்று. கடைக்காரி இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிப் பட்டாவின் பின்தட்டைக் கழுவினாள். யாரோ ஒரு மெத்தையும் நாலு தலையணையும் கொண்டு வந்தார்கள். நான் வாகனத்தைத் திருப்பி அந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது அவளை இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்கள்.

முன் ஆசனத்தில் அவளால் இருக்க முடியவில்லை. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படுத்தபடிதான் அவள் வரலாம், வேறு வழியில்லை. மெத்தையில் படுக்க வைத்து, அவளுடைய மாமியார் தலைமாட்டிலும் கடைக்காரி கால்மாட்டிலும் இருந்துகொண்டார்கள். வெயில் முகத்தில் படாமல் படங்கை ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டினோம். கணவன் எனக்குப் பக்கத்தில் ஏறினார். காற்று வருவதற்காக ஆசனத்துக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை நான் முன்பே கழற்றியிருந்தேன். அதனால் பின்னால் பேசுவது எல்லாம் தெளிவாகக் கேட்டது.

றோட்டுக்கு ஏறினோம். நல்ல காப்பெட் றோட்டு, இரண்டு பக்கமும் வயலும் வெளியும், கண்ணுக்கு எட்டின தூரம் நேராகக் கிடந்தது. யாருக்கும் கால் அழுத்தத்தான் வரும். எனக்கும் வந்தது. முள் ஐம்பதைத் தொட்டது, தாண்டியது, அறுபதை நோக்கிப் போனது. பட்டா வெறுமையாக ஓடும்போது துள்ளும். ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியது, பின்னாலிருந்து “ஐயோ!” என்று ஒரு சத்தம்.

“மெதுவா போங்கக்கா, தூக்கிப் போடுது!” அது அவளுடைய குரல்.

“அவ கெடக்கா! நீங்க சீக்கிரம் போங்கம்மா!” அது மாமியார்.

“அடிச்சுப் போங்கக்கா,” என்றார் கணவன். அவருடைய வலது கால் தன்பாட்டில் தட்டை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே ஏதோ அக்ஸிலேட்டர் இருக்கிற மாதிரி.

மூன்று பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போது யாருடைய சொல்லைக் கேட்பது? வலி யாருக்கோ அவளுடைய சொல்லைத்தான். நான் ஐம்பதுக்கு இறங்கினேன்.

“தங்கச்சி, இப்ப எப்பிடி?” என்று கேட்டேன்.

“இது சரிக்கா. இப்பிடியே போங்க.”

மாமியார் தன் ஊர்ச் சாமிகளையெல்லாம் கூப்பிடத் தொடங்கினார். நான் மடு மாதாவைக் கூப்பிட்டேன். கணவன் இரண்டு பக்கத்தாரையும் கூப்பிட்டார்.

மாந்தைச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால், றோட்டோரம் உடைமரங்கள் அடர்ந்து நிற்கிற இடத்தில், பக்கக் கண்ணாடியில் டிப்பர் தெரிந்தது. வழக்கமான ஹோர்ன், வழக்கமான அவசரம். அவர் முந்துவதற்காக வெளியே எடுக்கப் பார்த்த அதே நேரம், உடைமரங்களுக்கு இடையிலிருந்து ஒரு மாடு றோட்டில் கால் வைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு முழு மந்தையே, கன்றுகளோடு, சந்தைக்குப் போகிற சனம் மாதிரி.

நான் பிரேக்கில் கால் வைத்தேன். அடித்துப் பிடிக்கவில்லை; ஐம்பதில் அதற்கு அவசியம் இல்லை. பட்டா மெல்லக் குறைந்து, முதல் மாட்டுக்கு நல்ல தூரம் விட்டு நின்றது. ஒரு தலையணைகூட உருளவில்லை என்று பிறகு கடைக்காரி சொன்னாள். ஆனால் எனக்குப் பின்னால் வந்தது கிரவல் ஏற்றின டிப்பர். சில்லுகள் கீச்சிட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது டிப்பர் எங்களுக்குப் பக்கவாட்டில், பாதி றோட்டிலும் பாதி புல்லிலுமாகச் சரிந்து நின்றது. தூசி எல்லோருக்கும் மேலே மெதுவாக இறங்கியது.

சாரதி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். “அக்கா! இப்பிடி நடு றோட்டில நிண்டால்...” என்று தொடங்கினார். அப்போது மாடுகளைக் கண்டார். பிறகு பட்டாவின் பின்பக்கத்தைக் கண்டார். மெத்தை, வியர்த்துப்போன முகம், தலைமாட்டில் மாமியார். சாரதி தலைத் துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“ஆஸ்பத்திரிக்கோ?” என்றார்.

“ஓம்.”

“முதல்பிள்ளையோ?”

“ஓம் தம்பி.”

அவர் மாடுகளுக்குள் இறங்கி, துவாயை வீசி வீசி, “ஹேய், ஹேய்” என்று அவற்றை ஓரம் கலைத்தார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி ஓடுவதைப் பார்த்து, வலியோடு கிடந்தவளே சிரித்துவிட்டாள். திரும்பி வந்து என் யன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அக்கா, நான் முன்னுக்குப் போறன். வழி எடுத்துத் தாறன். நீங்கள் உங்கட அம்பதிலேயே வாங்கோ.”

அப்படித்தான் போனோம். முன்னால் டிப்பர், இரண்டு பக்க சிக்னலும் மினுக்கிக்கொண்டு, ஹோர்னை நீட்டி நீட்டி அடித்துக்கொண்டு; பின்னால் நான். அவர் கையை வெளியே போட்டு எதிரே வருகிறவர்களுக்கு ‘ஒதுங்கு, ஒதுங்கு’ என்று காட்டினார். பஸ் ஒன்று ஒதுங்கியது. உழவு இயந்திரம் ஒன்று புல்லுக்கு இறங்கியது. என்ன ஏது என்று தெரியாமலேயே சைக்கிளில் வந்த ஒரு ஃபாதர் எங்களுக்குச் சிலுவை போட்டார். டிப்பர் ஐம்பதில் ஓடுவதை அந்த றோட்டு அன்றைக்குத்தான் கண்டிருக்கும்.

தள்ளாடிச் சந்தி தாண்டிப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டினார். டிப்பரின் சத்தம் அவருக்குப் பொறுக்கவில்லைப் போல. சாரதி இறங்கி, பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலுமாக ஏதோ சொல்லி எங்களைக் காட்டினார். பொலிஸ்காரர் நடந்து வந்து பின்னால் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு பெரிய வலி வந்தது. அவள் போட்ட சத்தத்தில் பொலிஸ்காரர் இரண்டடி பின்னுக்குப் போனார்.

“போங்க! போங்க!” என்றார். நான் கியர் போட்டதும் கூடவே ஓடி வந்து, “ஹெமின் யன்ன! மெதுவா, மெதுவா!” என்று கத்தினார். எனக்குச் சார்பாக ஒரு வாக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்துவிட்டது. கணவனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் காலைத் தட்டிலிருந்து எடுத்து மடக்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கடல்தண்ணீர் கிடக்கிற தாம்போதியில் காற்று பட்டாவைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராக விட்டேன். பின்னால் சத்தம் நின்றுவிட்டது. பயந்துபோய், “தங்கச்சி?” என்றேன்.

“அக்கா, மேல பாருங்களேன்,” என்றாள். நான் எங்கே பார்ப்பது! பிறகு கடைக்காரி சொல்லித்தான் தெரியும். பூநாரைக் கூட்டம் ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி, படங்கு மூடாத பக்கத்தால் தலைக்கு மேலே போயிருக்கிறது. அத்தனை வலிக்குள்ளும் அவள் அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் டிப்பர் வரவில்லை. அவர் வெளியே ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்து, எங்களுக்கு முன்னால் உள்ளே போய், தள்ளுவண்டியையும் தாதியையும் கூட்டி வந்தார். அவளை ஏற்றினார்கள். தாதி ஒரு தரம் பார்த்துவிட்டு, “தலை தெரியுது, கெதியா, கெதியா!” என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். எல்லோரையும் வெளியே விட்டுக் கதவு மூடிக்கொண்டது.

வாங்கில் வரிசையாக இருந்தோம். கணவன், மாமியார், கடைக்காரி, நான், டிப்பர் சாரதி. கடைக்காரியின் இரண்டு கைகளிலும் நகக் காயம். வலி வரும்போதெல்லாம் அவள் பிடித்தது. கொஞ்ச நேரம்தான். உள்ளேயிருந்து ஒரு அழுகை வந்தது. சின்னக் குரல் இல்லை, பட்டாவின் ஹோர்ன் மாதிரி நல்ல குரல். கதவைத் திறந்து தாதி, “பொம்பிளைப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்,” என்றாள்.

மாமியார் எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் என் காதளவு உயரம்தான். “உங்களை என்னென்னவோ திட்டிட்டேம்மா,” என்றார். நான் சாமிகளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்ததில் பாதி என்னைத் திட்டினதாம்! எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. கணவனுக்கு மட்டும் அழுகை வந்தது. டிப்பர் சாரதி எங்கேயோ காணாமல் போய், பிளேன்ரீயும் ஒரு பை நிறையப் பணிஸும் கொண்டு திரும்பினார். வாங்கில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்கும் கொடுத்து, “எங்கட பிள்ளை, எங்கட பிள்ளை” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கடைக்காரியைக் கொண்டுபோய் விட மத்தியானத்துக்கு மேல் பாப்பாமோட்டைக்குத் திரும்பினேன். மீனை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், ஐஸ் கரையத் தொடங்கினதும் பெண்களெல்லாம் கூடி எல்லாவற்றையும் வெட்டிச் சமைத்துவிட்டார்கள். கட்டாத் தலை ஒரு பெரிய தாச்சியில் கொதித்துக்கொண்டிருந்தது. செய்தியைச் சொன்னேன். என்னை ஒரு கதிரையில் இருத்தி முதல் தட்டை எனக்குத் தந்தார்கள். என்னுடைய மீனை நானே இவ்வளவு ருசியாக ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு என்னையும் கணவரையும் அழைத்திருந்தார்கள். டிப்பர் சாரதியும் தன் மனைவியோடு வந்திருந்தார். பிள்ளையின் தகப்பன் என் பக்கத்தில் வந்து இருந்து, “அக்கா, நானும் லைசன் எடுக்கலாம்னு இருக்கேன். கொஞ்சம் பழக்கி விடுவீங்களா?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முன்னர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அவரு வேணாங்க்கா. அன்னிக்கு அடிச்சுப் போங்கன்னு சொன்னவரு. எனக்குப் பழக்குங்க.”

வீடே சிரித்தது. மாமியார்தான் முதலில், “ஆமா, அவளுக்கே பழக்குங்க. புள்ளைய நான் பாத்துக்கிறேன்,” என்றார்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளை தவழத் தொடங்கின பிறகு பெர்மிட் எடுத்தாள். வியாபாரம் முடிந்ததும், அறுவடை முடிந்து காய்ந்த வெளியில் அவளுக்குக் கியரும் கிளச்சும் காட்டிக் கொடுக்கிறேன். முதல் நாள் பட்டா தவளை மாதிரித் துள்ளித் துள்ளி நின்றது. போன கிழமை ‘எல்’ பலகையை மாட்டிக்கொண்டு முதன்முதலாகப் பெரிய றோட்டுக்கு எடுத்தாள். மாந்தைச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பினோம். வழி முழுக்க நாக்கு நுனியைக் கடித்தபடி வந்தாள். வீட்டு வாசலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இறங்கி, பட்டாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதன் சூடான முகத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

“நான்தானாக்கா ஓட்டுனேன்?” என்று கேட்டாள்.