நான் மூடி வைத்த சன்னல்கள்

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அரூர் பக்கம் ஓர் இ-சேவை மையத்தில் வேலை கிடைத்ததும் அந்தக் கர்வம் இன்னும் கூடியது. கண்ணாடித் தடுப்புக்குள் எனக்குத் தனியாக மின்விசிறி இருந்தது. வெளியே சின்ன அறையில் முப்பது, நாற்பது பேர் நெருக்கியடித்துக் காத்திருப்பார்கள். காகிதம் பறக்கிறது என்று அந்த அறையின் சன்னல்களை நான்தான் மூடி வைத்திருந்தேன். அங்கே சண்டை வரும்போதெல்லாம், "படிக்காத சனங்க, அப்படித்தான்" என்று கூட வேலை பார்க்கும் தோழியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஒருநாள் என் பக்கம் மின்கம்பி கருகியதால், கணினியோடு அந்த அறைக்கே வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் சுடிதார் முதுகோடு ஒட்டியது. மூச்சு முட்டியது. மகளைக் கல்லூரியில் சேர்க்க வருமானச் சான்று கேட்டு வந்த ஓர் அம்மாவின் பை என் தோளில் இடித்தது.

"மேல வந்து வுழறீங்களே, அறிவில்ல உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"மேடத்துக்கும் நம்ம வியாதி ஒட்டிக்கிச்சு!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அறையே சிரித்தது.

அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஃபைலால் எனக்கு விசிறினார்.

"இங்க உக்காந்தா யாருக்கும் அப்படித்தாங்க மேடம் வரும். சன்னலக் கொஞ்சம் தொறக்கட்டுங்களா?"

நானே எழுந்து திறந்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் விசிறியது இரக்கத்தாலா, மகளின் விண்ணப்பம் என் கையில் இருக்கிறதே என்ற பயத்தாலா? அன்றே மன்னிப்புக் கேட்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.